மூடியின் மேல் தணல்

கடந்த ஓகஸ்ட் மாதம் ரொறன்ரோவில் அக்காவின் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். நயாகராத் தோட்டங்களில் பீச் பழம் பறிக்கும் காலம். ஒருநாள் மாலை அவள் பழங்களைத் துண்டுகளாக்கி, சீனியும் கறுவாத்தூளும் தூவித் தட்டில் பரப்பினாள். கோதுமை மா, பட்டர், பால், பேக்கிங் பவுடர் சேர்த்துத் தளர்வாகக் குழைத்ததைக் கரண்டியால் அள்ளி மேலே ஆங்காங்கே இட்டாள். போறணையில் 40 நிமிடம். மேலே பொன்னிறமாய் வெடித்த மா. கீழே கொதிக்கும் பழச்சாறு.

"இதுக்குப் பேர் கொப்ளர், மாமா. பை செய்யப் பஞ்சிப்படுற ஆக்களின்ர பலகாரம்" என்று சிரித்தாள்.

உண்மையில் இது பஞ்சியில் பிறந்த பலகாரம் அல்ல, இல்லாமையில் பிறந்தது.

இங்கிலாந்தில் பழப் பை என்றால் அடியிலும் மேலிலும் மாத்தகடு வைத்துப் போறணையில் வேகவைப்பது. வட அமெரிக்காவில் குடியேறியவர்களுள் பலரது வீடுகளில் போறணை இல்லை. திறந்த அடுப்பே இருந்தது. அவர்களுக்குக் கைகொடுத்தது வார்ப்பிரும்புச் சட்டி. மணல் அச்சில் இரும்புப் பாத்திரம் வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1707இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அமெரிக்க அடுப்படிகளில் பரவிய சட்டிக்கு மூன்று கால்கள். மூடியின் ஓரத்தில் உயர்ந்த விளிம்பு. சட்டியின் கீழே தணல், விளிம்புக்குள் மூடியின் மேலும் தணல். சட்டியே போறணையாயிற்று. பழத்தின் மேல் மாவை இட்டு மூடினால் போதும். கற்கள் பதித்த பழைய தெருவைப்போல் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருப்பதாலேயே இப்பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம்.

பழமும் வந்தேறியதே. சீனாவில் தோன்றிய பீச், பாரசீகம் வழியாக ஐரோப்பா சென்று, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரோடு அமெரிக்கா சேர்ந்தது. பூர்வகுடிகள் அதை விரைவாகப் பரப்பினர்.

1839இல் லெற்றிஸ் பிரயன் என்ற பெண்மணி வெளியிட்ட 'கென்ரக்கி இல்லத்தரசி' என்ற சமையல் நூலில் கொப்ளர் என்ற பெயர் இடம்பெறுகிறது. விருந்தினருக்கு வைக்கும் நாகரிகப் பண்டம் அல்ல, வீட்டாருக்கு உகந்தது என்பதே அவரது கருத்து. மருமகள் செய்ததுபோன்ற மெத்தென்ற மேற்பகுதிக்குப் பேக்கிங் பவுடர் வேண்டும். அமெரிக்காவில் எபன் ஹோர்ஸ்போர்ட் அதற்கான காப்புரிமையைப் பெற்றது 1856இல்.

அந்த 1839இல் கென்ரக்கி அடிமைமுறை நிலவிய மாநிலம் என்பதை மறந்துவிடலாகாது. தென்மாநிலங்களின் வசதியான வீடுகளில் அடுப்படியில் வெந்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள். அவர்களுக்கு எழுத்தறிவிப்பதே பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். சமையல் அவர்கள் கையில் இருந்தது. நூல்களின் அட்டையில் அவர்கள் பெயர் இருக்கவில்லை. தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்த அபி பிஷர், சான் பிரான்சிஸ்கோவில் 1881இல் தமது சமையல் நூலை வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், அதைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். பெயர் தெரியாமற்போன ஆயிரமாயிரம் கைகளின் அறிவு, ஒருவரின் வாய்வழியாக அவ்வாறு ஏடேறியது.

தட்டில் கொப்ளர் ஆறிக்கொண்டிருக்கையில் எனக்கு வேறொரு அடுப்பு நினைவுக்கு வந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. அடுத்த ஆண்டு அக்கா தன் மகளின் முதலாவது பிறந்தநாளுக்குக் கேக் செய்தார். பெரிய அலுமினியப் பானையில் மணல் பரப்பி விறகடுப்பில் ஏற்றி, உள்ளே கேக் தட்டை வைத்து, தகரத்தால் மூடி, அதன்மேல் சிரட்டைத் தணலை அள்ளிப் போட்டார். ஒரு பக்கம் கருகியது. ஆனாலும் அது கேக்தான்.

அக்கா அமெரிக்கச் சமையல் நூல் எதையும் படித்தவரல்லர். போறணை இல்லாத இடத்தில், எந்தக் காலத்துப் பெண்ணுக்கும் மூடியின் மேல் தணல் வைக்கத் தோன்றியிருக்கிறது. அதைப் பஞ்சி என்று சொல்லலாமா?

மருமகளுக்கு அந்தப் பிறந்தநாள் நினைவில் இல்லை. நான் சொன்னேன். கதை முடிந்ததும் அவள் எழுந்துபோய், கொழும்பிலிருக்கும் தாயைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, எவ்வளவு தணல் போட்டனீங்கள்?" என்று கேட்டாள்.