மார்பகப் புற்றுநோயின் மரபுவழி அபாயம்: ஆய்வு வரலாறு

மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது ஏன் என்பது மருத்துவத்தின் நெடுநாள் கேள்வி. முதலில் வலிமைமிக்க சில அரிய மரபணு மாற்றங்களும், பின்னர் பெருவாரியான மக்களிடம் காணப்படும் சிறு மரபு வேறுபாடுகளும் இதற்குக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன.

தொடக்கம்

பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் பல தலைமுறைப் பெண்கள் இந்நோயால் இறந்ததை 1866இல் பதிவு செய்தார். பட்டாணிச் செடிகளைப் பற்றிய மெண்டலின் கட்டுரை அச்சானதும் அதே ஆண்டில்தான். எனினும் இரண்டையும் இணைத்துப் பார்க்கும் அறிவியல் அன்று இல்லை. 1926இல் இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேபான் நோயுற்ற 500 பெண்களை நோயற்ற 500 பெண்களுடன் ஒப்பிட்டார். மகப்பேறு, தாய்ப்பாலூட்டல் ஆகியவற்றுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அந்த ஆய்வு முன்வைத்தது.

அரிய மரபணு மாற்றங்கள்

அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங், 23 குடும்பங்களைச் சேர்ந்த 146 நோயாளிகளின் தரவை ஆராய்ந்தார். இளம் வயதிலேயே நோய் தோன்றிய குடும்பங்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பது புலப்பட்டது. இம்முடிவு 1990இல் வெளியானது. அந்த மரபணுவான பி.ஆர்.சி.ஏ.1, 1994இல் அடையாளம் காணப்பட்டது. 13ஆம் குரோமோசோமில் உள்ள பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவை மைக்கேல் ஸ்ட்ராட்டன் குழுவினர் 1995இல் கண்டறிந்தனர்.

இவை இரண்டும் உடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்ய உதவும் மரபணுக்கள். இவற்றில் பழுது உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு. தாய்வழியாக மட்டுமன்றித் தந்தைவழியாகவும் இப்பழுது வரலாம். இயற்கையான மரபணுவுக்குக் காப்புரிமை கோர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது.

விடுபட்ட பங்கு

தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இந்நோய் இருந்தால் ஒரு பெண்ணின் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் இந்தக் குடும்பவழி அபாயத்தில் சிறு பகுதியை மட்டுமே பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் விளக்கின. தனித்தனியே சிறு விளைவு கொண்ட பல மரபு வேறுபாடுகள் ஒன்றுசேர்ந்து எஞ்சிய அபாயத்தை உண்டாக்கலாம் என்று பால் ஃபரோவாவும் சக ஆய்வாளர்களும் 2002இல் வாதிட்டனர்.

பொதுவான மரபு வேறுபாடுகள்

2007இல் டக்ளஸ் ஈஸ்டன் தலைமையிலான பன்னாட்டுக் குழு, மரபணுத்தொகை முழுவதையும் அலசி, நோயுடன் தொடர்புடைய ஐந்து இடங்களைக் கண்டது. அவற்றுள் ஒன்று எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 மரபணுவில் உள்ளது. அங்குள்ள ஓரெழுத்து வேறுபாட்டின் ஒவ்வொரு பிரதியும் அபாயத்தை ஏறத்தாழ கால் பங்கு கூட்டுகிறது. இது மிகப் பரவலாகக் காணப்படுவதால் தனித்து எவரையும் நோயாளியாக்குவதில்லை. இவ்வகை வேறுபாடுகளில் பெரும்பாலானவை புரதத்தை மாற்றுவதில்லை. மரபணுக்கள் எந்த அளவில் செயல்படுகின்றன என்பதையே மாற்றுகின்றன.

2013இல் 41 புதிய இடங்களும், 2017இல் மேலும் 65 இடங்களும் அறிவிக்கப்பட்டன. 2019இல் 313 வேறுபாடுகளைக் கூட்டிக் கணிக்கும் அபாய மதிப்பெண் வெளியானது. அதில் மிக உயர்ந்த 1 விழுக்காட்டினருக்கு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்ட வகைப் புற்றுநோயின் அபாயம் நடுநிலையில் உள்ளோரைவிட நான்கு மடங்குக்கும் மேல்.

பயனும் வரம்பும்

ஒரே பி.ஆர்.சி.ஏ. பழுது கொண்ட சகோதரிகள் இருவரின் அபாயம் ஏன் வேறுபடுகிறது என்பதை இந்தச் சிறு வேறுபாடுகள் ஓரளவு விளக்குகின்றன. யாருக்கு, எந்த வயதில் பரிசோதனை தொடங்கலாம் என்று முடிவுசெய்யவும் இவை உதவக்கூடும். ஆனால் இம்மதிப்பெண் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்த பெண்களின் தரவைக் கொண்டு உருவானது. பிற மக்களிடம் அதன் துல்லியம் குறைகிறது. ஆகவே இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் அதை அப்படியே பின்பற்ற இயலாது. மேலும், குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கும் நோய் வரலாம். மார்பில் கட்டியோ மாற்றமோ தென்பட்டால், மதிப்பெண் எதுவானாலும் மருத்துவரை அணுகுவது அவசியம்.