விசையுந்துத் துணை விளக்கு

விசையுந்துத் துணை விளக்கு என்பது ஒரு விசையுந்தில் (மோட்டார் சைக்கிள்) உற்பத்தியாளர் அமைத்த முகப்பு விளக்குக்கு மேலதிகமாகப் பின்னர் பொருத்தப்படும் விளக்கு ஆகும். இரவுப் பயணம், மழை, மூடுபனி, மலைப்பாதை ஆகிய சூழல்களில் சாலையைத் தெளிவாகக் காண்பதற்காக இது பயன்படுத்தப்படுகின்றது. பேச்சு வழக்கில் இது "ஃபாக் லைட்" என்றும் "எக்ஸ்ட்ரா லைட்" என்றும் அழைக்கப்படுகின்றது. எனினும் துணை விளக்குகள் அனைத்தும் மூடுபனி விளக்குகள் அல்ல.

துணை விளக்கின் பயன் அதன் வாட்டு அளவை மட்டும் பொறுத்ததன்று. தனி மின்சுற்றும், தாழ்த்தப்பட்ட ஒளிக்கற்றையும் இல்லாத விளக்கு வண்டியின் மின்கம்பிகளுக்கும் எதிரே வருபவரின் பார்வைக்கும் ஊறு விளைவிக்கும்.

வரலாறு

1955 ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. இதன் திருவொற்றியூர் ஆலையில் உருவான புல்லட் விசையுந்தின் முகப்பு விளக்குக்கு மேலே இரு புறமும் இரண்டு சிறு விளக்குகள் இருந்தன. இவை வண்டி நிற்கும் இடத்தைக் காட்டும் குறைந்த திறனுடைய விளக்குகளே. சாலைக்கு ஒளியூட்டுவது இவற்றின் பணியன்று.

முற்கால விசையுந்துகள் பலவற்றில் 6 வோல்ட்டு மின்னமைப்பே இருந்தது. ஒரே வாட்டு அளவுள்ள விளக்குக்கு 12 வோல்ட்டில் தேவைப்படும் மின்னோட்டத்தைப் போல இருமடங்கு 6 வோல்ட்டில் தேவைப்படும். ஆகவே அவ்வண்டிகளில் கூடுதல் விளக்கு பொருத்துவது கடினமாக இருந்தது. 12 வோல்ட்டு அமைப்பும், பின்னர் குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தரும் ஒளியுமிழ் டையோடுகளும் (எல்.ஈ.டி) வந்த பின்னரே துணை விளக்குகள் பரவலாயின.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர்) – ஒரகடம் தொழிற்பகுதி இந்தியாவின் முதன்மையான தானுந்து உற்பத்தி மையங்களுள் ஒன்று. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013 இல் ஒரகடத்திலும் 2017 இல் வல்லம் வடகாலிலும் ஆலைகளைத் தொடங்கியது. யமகா நிறுவனத்தின் வல்லம் வடகால் ஆலை 2015 இல் தொடங்கப்பட்டது. 2016 இல் ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட இமாலயன் போன்ற நெடும்பயண விசையுந்துகள் துணை விளக்குகளின் தேவையை மேலும் கூட்டின.

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில் – திருப்பெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. சரக்குப் பெட்டக வண்டிகளும், இரவுப் பணிமுறைக்குச் செல்லும் தொழிலாளர்களின் இருசக்கர வண்டிகளும் இச்சாலைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவர் தன் வழியைக் காணப் பொருத்தும் விளக்கு, எதிரே வருபவரின் வழியை மறைத்துவிடக் கூடும் என்பதற்கு இத்தகைய சாலைகள் நல்ல எடுத்துக்காட்டு.

வகைகள்

மூடுபனி விளக்கு: அகலமான, மேல் விளிம்பு கூர்மையாக வெட்டப்பட்ட கற்றையைத் தரும். வண்டியில் தாழ்வாகப் பொருத்தப்படும். சாலையின் அருகிலுள்ள பகுதியையும் ஓரங்களையும் காட்டும்.

தொலைவொளி விளக்கு: குறுகிய கற்றையை நெடுந்தொலைவு செலுத்தும். எதிரே வண்டி வரும்போது அணைக்கப்பட வேண்டியது.

மஞ்சள் ஒளி மூடுபனியை ஊடுருவும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஆனால் மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எனவே அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறச் செய்கின்றன. மூடுபனியில் பயன் தருவது நிறத்தைவிட, கண்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்து செல்லும் கற்றையே ஆகும்.

மின்சுமை

விசையுந்தின் மின்னாக்கி இயந்திரத்தால் சுழற்றப்பட்டு மின்சாரம் தருகின்றது. அதிலிருந்து எரிபற்றல், எரிபொருள் எக்கி, முகப்பு விளக்கு முதலியன போக எஞ்சுவதே துணை விளக்குக்குக் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 200 வாட்டு மின்னாக்கி உள்ள வண்டியில் ஏற்கெனவே உள்ள கருவிகள் 130 வாட்டு எடுத்துக்கொண்டால் 70 வாட்டே எஞ்சும். இதில் 20 வாட்டு எல்.ஈ.டி விளக்குகள் இரண்டைப் பொருத்தலாம். 55 வாட்டு ஆலசன் விளக்குகள் இரண்டைப் பொருத்த இயலாது. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது கிடைக்கும் திறன் இதனினும் குறையும்.

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இருசக்கர வண்டிகளில், இயந்திரம் இயங்கும்போது முகப்பு விளக்கும் தானாகவே எரிய வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. ஆகவே கணக்கிடும்போது முகப்பு விளக்கின் சுமையைப் பகலிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுமை மிகுந்தால் பற்றாக்குறையை மின்கலம் ஈடுசெய்யும். சில மணி நேரத்தில் அது வெறுமையாகி, வண்டியை மீண்டும் இயக்க முடியாமற் போகும்.

மின்சுற்று

ஒரு வண்டியின் கம்பித் தொகுதியில் (வயரிங் ஹார்னஸ்) ஒவ்வொரு கம்பியின் தடிமனும் அது தாங்க வேண்டிய மின்னோட்டத்தைக் கொண்டு வடிவமைப்பின்போதே முடிவு செய்யப்படுகின்றது. முகப்பு விளக்கின் கம்பியைச் சீவித் துணை விளக்கை இணைப்பது எளிய வழியாகத் தோன்றினும், அக்கம்பி அச்சுமைக்கு உரியதன்று.

55 வாட்டு விளக்குகள் இரண்டுக்கு 12 வோல்ட்டில் சுமார் 9.2 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. இது 0.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில், போகவும் வரவுமாக மொத்தம் 4 மீட்டர் சென்றால் சுமார் 1.25 வோல்ட்டு கம்பியிலேயே இழக்கப்படும். ஏறத்தாழ 11 வாட்டு வெப்பமாக மாறிக் கம்பியைச் சூடாக்கும். ஆலசன் விளக்கில் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். அதே தொலைவுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி பயன்படுத்தினால் இழப்பு சுமார் 0.25 வோல்ட்டாகக் குறையும்.

இதனால் துணை விளக்குக்குத் தனிச் சுற்று அமைக்கப்படுகின்றது. இதில் ரிலே எனப்படும் மின்காந்த நிலைமாற்றி பயன்படுகின்றது. சிறு மின்னோட்டத்தால் இயங்கும் ரிலே, விளக்குக்குரிய பெரிய மின்னோட்டத்தை மின்கலத்திலிருந்து நேரடியாக இணைக்கின்றது. பொதுவாகக் கிடைக்கும் ரிலேயின் முனைகள் வருமாறு:

30 – மின்கலத்தின் நேர்முனையிலிருந்து உருகி (ஃபியூஸ்) வழியாக வரும் கம்பி
87 – விளக்குகளுக்குச் செல்லும் கம்பி
86 – கைப்பிடியிலுள்ள சுவிட்சிலிருந்து வரும் கம்பி
85 – எதிர்முனை

சுவிட்சுக்கு வரும் மின்சாரத்தைச் சாவியைத் திருப்பினால் மட்டும் இயங்கும் கம்பியிலிருந்து எடுக்க வேண்டும். அவ்வாறு செய்தால் வண்டியை நிறுத்தும்போது துணை விளக்கும் அணைந்துவிடும்.

பொருத்தும் முறை

1. சாவியை எடுத்துவிட்டு மின்கலத்தின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றினால், திருகி வண்டியின் சட்டத்தில் பட்டுக் குறுக்குச் சுற்று ஏற்படலாம்.
2. விளக்குகளைக் "கிராஷ் கார்டு" எனப்படும் காப்புக் கம்பியிலோ உரிய தாங்கியிலோ உறுதியாகப் பொருத்த வேண்டும். முன்சக்கரம், குளிர்விப்பி, திசைகாட்டும் விளக்கு ஆகியவற்றை அவை மறைக்கலாகாது.
3. உருகியை மின்கலத்தின் நேர்முனைக்கு மிக அருகில் அமைக்க வேண்டும். உருகிக்கும் மின்கலத்துக்கும் இடைப்பட்ட கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே இதற்குக் காரணம். 20 வாட்டு விளக்குகள் இரண்டுக்கு 5 ஆம்பியர் உருகி போதுமானது.
4. கம்பிகளைக் காப்புக் குழாயினுள் செலுத்தி, சூடான இயந்திரப் பகுதிகளிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும். கைப்பிடியை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிக் கம்பி இழுபடுகிறதா எனப் பார்க்க வேண்டும்.
5. இணைப்புகளை நீர்புகாத இணைப்பிகளால் முடித்து, நேர்முனையை முதலிலும் எதிர்முனையை இறுதியிலும் பூட்ட வேண்டும்.

கற்றையைச் சரிசெய்தல்

ஓட்டுநர் அமர்ந்த நிலையில் வண்டியைச் சமதளத்தில் ஒரு சுவரிலிருந்து 8 மீட்டர் தொலைவில் நிறுத்தி, விளக்கு மையத்தின் உயரத்தைச் சுவரில் குறிக்க வேண்டும். மூடுபனி விளக்கின் மேல் விளிம்பு இக்குறிக்குக் கீழே விழ வேண்டும். 2 விழுக்காடு சரிவுக்கு 8 மீட்டரில் 16 சென்டிமீட்டர் தாழ்வு தேவை. 70 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள விளக்கின் இத்தகைய கற்றை 35 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும்.

பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்தாலோ சுமை ஏற்றப்பட்டாலோ வண்டியின் பின்பகுதி தாழ்ந்து கற்றை உயரும். ஒரு பாகை உயர்வு 10 மீட்டர் தொலைவில் 17 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட உயர்வாகும். எனவே வழக்கமான சுமையுடன் மீண்டும் சரிபார்ப்பது நன்று.

பொதுவான பிழைகள்

ஆலசன் குமிழுக்கென வடிவமைத்த எதிரொளிப்பானில் எல்.ஈ.டி குமிழைச் செருகுவது பரவலான பிழையாகும். ஒளி தோன்றும் இடம் இழையின் இடத்திலிருந்து மாறுவதால் கற்றை சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கின்றது. உருகி அடிக்கடி எரியும்போது பெரிய உருகியை இடுவது மற்றொரு பிழை. அப்போது உருகிக்குப் பதிலாகக் கம்பி எரியும். தரமற்ற எல்.ஈ.டி இயக்கிகள் மின்காந்த இடையூறு விளைவிப்பதும் உண்டு.

சட்ட நிலை

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகின்றது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன் 106 ஆம் விதிப்படி, முன்னோக்கி ஒளிரும் விளக்கின் கற்றை 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்திலுள்ள கண்ணைக் கூசச் செய்யாதவாறு தாழ்த்தப்பட்டோ தாழ்த்தக்கூடியதாகவோ இருக்க வேண்டும். 111 ஆம் விதி, பதிவு அலுவலரின் முன் ஒப்புதலின்றி வண்டியின் முன்புறம் தேடொளி விளக்குகள் பொருத்துவதைத் தடை செய்கின்றது. இரு, மூன்று சக்கர வண்டிகளில் விளக்குகள் அமையும் முறையை ஏ.ஐ.எஸ் 009 என்னும் தரம் வரையறுக்கின்றது. இத்தகைய தரங்களின்படி வண்டிகளையும் உதிரிபாகங்களையும் சோதிக்கும் அரசு நிறுவனங்களுள் ஒன்றான உலகளாவிய தானுந்து ஆய்வு மையம் ஒரகடத்திலேயே அமைந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

விசையுந்து
ஒளியுமிழ் டையோடு
உருகி
ரிலே
ஒரகடம்