இரண்டாம் மொழி ஆங்கிலம் (அமெரிக்கக் கல்லூரிகள்)

ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிகள் அரிச்சுவடி தொடங்கி ஆய்வுக் கட்டுரை வரை படிப்படியாகச் சொல்லித்தரும் பாடம் 'ஈ.எஸ்.எல்.' எனப்படுகிறது. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களைவிட ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளிலேயே இது பெருமளவில் நடக்கிறது. கலிபோர்னியாவில் மட்டும் இத்தகைய அரசுக் கல்லூரிகள் 116 உள்ளன. பகலில் உணவகத்திலோ முதியோர் இல்லத்திலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் வருபவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள், அகதிகள், மாணவர் விசாவில் வந்த இளைஞர்கள் ஆகியோர் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்து படிப்பது அங்கே சாதாரணக் காட்சி.

தோற்றம்

1941-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃப்ரீஸ் தொடங்கிய ஆங்கில மொழி நிறுவனம் இத்துறையின் முன்னோடி. தொடக்கத்தில் லத்தீன் அமெரிக்க மாணவர்களே அங்கு மிகுதி. ஆசிரியர் ஒரு வாக்கியத்தைச் சொல்வார். வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லும். பிறகு ஒரு சொல்லை மட்டும் மாற்றி மீண்டும் சொல்லும். வாய் பழகினால் மொழி வந்துவிடும் என்பது அக்கால நம்பிக்கை. அயல்நாட்டு மாணவர்களுக்கான டோபல் தேர்வு 1964-இலும், ஆசிரியர்களின் சங்கமான டெசால் 1966-இலும் வந்தன.

கல்லூரி வாசலுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தவை வேறு இரண்டு நிகழ்வுகள். நாடுவாரியான ஒதுக்கீட்டை நீக்கிய 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்கு வழிதிறந்தது. 1975-இல் சைகோன் வீழ்ந்ததும் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து அகதிகள் வந்திறங்கினர்.

இடையில், 1970-இல், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் அந்நகரில் பள்ளியிறுதி முடித்த எவரும் சேரலாம் என்று அறிவித்தது. எழுதவே திணறும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். அங்கே பணியாற்றிய மினா ஷாக்னசி, நுழைவுநிலை மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைப் படித்துப் பிழைகளை வகைப்படுத்தினார். 1977-இல் நூலாக வந்த அவருடைய முடிவு எளிமையானது: இவை கவனக்குறைவால் வந்த பிழைகள் அல்ல, மாணவர் தமக்குள் வகுத்துக்கொண்ட ஏதோ ஒரு விதியின்படியே தவறுகிறார், அந்த விதியைக் கண்டுபிடிப்பது ஆசிரியரின் வேலை. அவருடைய மாணவர்களில் பலர் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள்தாம். ஆனாலும் இரண்டாம் மொழி ஆசிரியர்களுக்கும் அந்நூல் பாடநூலாயிற்று. சிவப்பு மையை அள்ளித் தெளிக்கும் பழக்கத்துக்கு அதைவிட வலுவான மறுப்பு இன்றுவரை வந்ததாகத் தெரியவில்லை.

படிகள்

வழக்கமாக நான்கிலிருந்து ஆறு படிகள் இருக்கும். முன்பெல்லாம் எந்தப் படியில் சேர்ப்பது என்பதைக் கணினித் தேர்வு ஒன்று முடிவுசெய்தது. பல கல்லூரிகள் நம்பியிருந்த 'காம்பஸ்' தேர்வு, மாணவர்களைத் தவறான வகுப்பில் தள்ளுகிறது என்ற விமர்சனம் வலுத்தபின் 2016-இல் கைவிடப்பட்டது.

தொடக்கப் படிகளில் விண்ணப்பம் நிரப்புவது, மருத்துவரிடம் நோயைச் சொல்வது, நேற்று நடந்ததைக் கூறுவது போன்றவை நடக்கும். எந்த இலக்கணம் முதலில் படியும், எது கடைசியில் படியும் என்பதற்குப் பெயர்பெற்ற ஓர் ஆய்வு உண்டு. 1974-இல் நியூயார்க் குயீன்ஸ் கல்லூரியில் ஆங்கிலம் படித்த 73 பெரியவர்களை பெய்லி, மேடன், கிராஷன் ஆகிய மூவர் ஆராய்ந்தனர். தாய்மொழி எதுவாயினும் சில உருபுகள் எளிதாகவும் சில கடினமாகவும் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைந்திருந்தன. 'ஷி ஈஸ் வொர்க்கிங்' சீக்கிரம் சரியாக வந்துவிடும். 'மை சிஸ்டர் வொர்க் இன் ஹாஸ்பிடல்' என்பதில் 'வொர்க்' என்ற வினையின் வாலில் ஒட்டவேண்டிய 'ஸ்' மட்டும் வருடக்கணக்கில் வராது. விதியைக் கேட்டால் மாணவர் ஒப்பிப்பார், பேச்சில் விட்டுவிடுவார். அதே வாக்கியத்தில் 'ஹாஸ்பிடல்' என்பதற்கு முன் வரவேண்டிய 'எ' என்பதும் விடுபட்டிருப்பதைப் பார்க்கலாம். அத்தகைய சிறுசொல் கட்டாயமில்லாத சீனம், கொரியம், ரஷ்யம், தமிழ் ஆகிய மொழிகளைப் பேசுவோர் மேல்நிலைக்குப் போன பிறகும் தடுக்கி விழும் இடம் அதுதான்.

நேரக் கணக்கைப் பார்த்தால் படிகள் ஏன் இத்தனை என்பது விளங்கும். 2001-இல் ஐரோப்பிய மன்றம் வெளியிட்ட ஆறு நிலை அளவுகோலில் நான்காவது நிலையை எட்ட, வகுப்புவழிக் கற்றல் 500 முதல் 600 மணி நேரம் தேவை என்று கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு மதிப்பிடுகிறது. வாரம் 6 மணி நேரம், 16 வாரப் பருவம் என்று கொண்டால் ஒரு பருவத்துக்கு 96 மணி நேரம். அதாவது ஆறு பருவங்கள், மூன்று ஆண்டுகள். அப்போதும் மாணவர் கல்லூரிப் பாடம் எதையும் தொட்டிருக்க மாட்டார்.

நடுவில் வரும் தேக்கம்

தொடக்கநிலை மாணவர் வேகமாக முன்னேறுகிறார்; தேக்கம் இடைநிலைக்கு மேல்தான் வருகிறது. கடையில், பேருந்தில், வேலையிடத்தில் அவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. சமூகவியல் பாடநூலைத் திறந்தால் ஒரு பக்கம் நகராது. பேச்சு மொழியும் பாட மொழியும் வெவ்வேறு திறன்கள் என்று 1979-இல் பிரித்துக் காட்டியவர் கனடாவின் ஜிம் கம்மின்ஸ். குடியேறிய பள்ளிக் குழந்தைகளை வைத்து அவர் சொன்ன கணக்கு: பேச்சுக்கு இரண்டு ஆண்டு, பாட மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு.

சொல்வளமே இங்கே முக்கியத் தடை. ஆங்கிலேயர் ஆட்சிக்கால டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1953-இல் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். அந்தச் சொற்களை விலக்கிவிட்டு, கல்லூரி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை நியூசிலாந்தின் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்தார். 'அனலைஸ்', 'கான்செப்ட்', 'டேட்டா' போன்றவை அவை. எந்தத் துறைப் பாடநூலாயினும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சொற்கள் இப்பட்டியலைச் சேர்ந்தவை. மேல்நிலை வகுப்புகள் இன்று பெரும்பாலும் இதையும், படித்ததைத் தன் சொல்லில் சுருக்கி மூலத்தைக் குறிப்பிட்டு எழுதும் பழக்கத்தையும் சுற்றியே அமைகின்றன.

மாணவர்களைக் காதால் கற்றவர்கள், கண்ணால் கற்றவர்கள் என்று இரண்டாகப் பிரிப்பது ஆசிரியர்களிடையே வழக்கம். சிறுவயதில் குடியேறி அமெரிக்கப் பள்ளியில் படித்தவர் முதல் வகை: சரளமாகப் பேசுவார், கேட்டபடியே எழுதி எழுத்தில் மாட்டிக்கொள்வார். தன் நாட்டிலேயே இலக்கணநூல் வைத்துப் படித்துவிட்டு வந்தவர் இரண்டாம் வகை: விதிகள் அத்துப்படி, வாய் திறக்கத் தயங்குவார். இருவரையும் ஒரே பாடத்தில் உட்காரவைப்பது இரண்டாம் மொழித் துறையின் பழைய தவறு.

பணமும் காலமும்

வகுப்புகள் இருவகை. பட்டத்துக்கான கிரெடிட் தருபவற்றுக்குக் கட்டணம் உண்டு. கிரெடிட் இல்லாத வகுப்புகள் கலிபோர்னியாவில் இலவசம். கூட்டரசின் பெல் உதவித்தொகை வாழ்நாளில் 12 பருவங்களுக்கே கிடைக்கும்; ஆங்கிலத்திலேயே நான்கைந்து பருவங்களைச் செலவழித்தவருக்குப் பட்டம் முடியுமுன் பணம் தீர்ந்துபோகக்கூடும். இதைத் தவிர்க்கவே நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் பட்டப் படிப்புக்கு முன்னதாக, குறைந்த கட்டணத்தில், வாரம் 25 மணி நேர முழுமூச்சு ஆங்கிலத் திட்டத்தை 1990-களின் நடுவிலிருந்து நடத்துகிறது. மாணவர் விசாவில் வந்து ஆங்கிலம் மட்டும் படிப்பவர் வாரம் குறைந்தது 18 மணி நேரம் வகுப்பில் இருக்கவேண்டும் என்பது விசா விதி.

நீண்ட படிவரிசையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒவ்வொரு படியிலும் பத்தில் எட்டுப் பேர் தேறி அடுத்த படியில் சேர்கிறார்கள் என்று வையுங்கள். நல்ல விகிதம்தான். ஆனால் ஐந்து படி தாண்டியபின் 100 பேரில் மிஞ்சுவோர் 33 பேரே. 2007-இல் பால்டிமோர் கவுண்டி சமுதாயக் கல்லூரி, எழுத்தில் பின்தங்கியவர்களை நேரடியாகக் கல்லூரி ஆங்கில வகுப்பிலேயே சேர்த்து, உடன் ஒரு துணை வகுப்பும் நடத்திப் பார்த்தது. அம்முறை நாடெங்கும் பரவிற்று. 2017-இல் கலிபோர்னியா இயற்றிய ஏ.பி. 705 சட்டம், பட்டம் நோக்கிய ஈ.எஸ்.எல். மாணவர் மூன்று ஆண்டுக்குள் கல்லூரி ஆங்கிலத்தை முடிக்கும் வாய்ப்பை உயர்த்தும்படி கல்லூரிகளைப் பணித்தது. இடைநிலை மாணவருக்கு இது நன்மையே. எழுத்தே புதிதானவருக்கு அவசரம் உதவாது. அவருக்கு இலவச வகுப்பே சரியான இடம்.

தமிழ் மாணவர்கள்

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி 2 ஆங்கிலத் தாள், தமிழ்வழியில் படித்து வந்தவருக்கும் ஆங்கிலவழியில் வந்தவருக்கும் பெரும்பாலும் ஒன்றே. சில தன்னாட்சிக் கல்லூரிகளே நிலை பார்த்துப் பிரிக்கின்றன. ஆகவே மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்பவர், தம் ஆங்கிலத்தை அங்கே போன பிறகும் ஒரு தேர்வு வைத்துத் தரம் பிரிப்பதைக் கண்டு திகைக்கக்கூடும். இலினாய் பல்கலைக்கழகம் போன்றவை குறிப்பிட்ட மதிப்பெண் இல்லாத அயல்நாட்டு மாணவர்களுக்கு இப்படித் தேர்வு வைத்துக் கட்டுரை வகுப்பில் சேர்க்கின்றன. கற்பித்தல் உதவியாளர் பணிக்குப் பல பல்கலைக்கழகங்கள் பேச்சுத் தேர்ச்சியைத் தனியாகக் கேட்கின்றன. அது இல்லையென்றால் வகுப்பு எடுக்க விடமாட்டார்கள். அந்தப் பணியை நம்பிச் செல்ல எண்ணுவோர், விண்ணப்பிக்கும்போதே டோபலின் மொத்த மதிப்பெண்ணோடு பேச்சுப் பகுதிக்கு அந்தப் பல்கலைக்கழகம் கேட்கும் மதிப்பெண்ணையும் தனியே பார்த்துக்கொள்வது நல்லது.