கல் சரியில்லை என்றால் துப்பாக்கி சுடாது: ஃபிளின்ட்லாக் ரைஃபிளும் சிக்கிமுக்கிக் கல்லும்

கடற்கொள்ளையர் படங்களில் பார்த்திருப்பீர்கள். விசையை இழுத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம், பக்கவாட்டில் கொஞ்சம் புகை, அப்புறம்தான் வெடி. அதுதான் ஃபிளின்ட்லாக். 17-ம் நூற்றாண்டில் வந்து 1840-கள் வரை படைகளின் கையில் இருந்த ஆயுதம். கிழக்கிந்திய கம்பெனிக்காகச் செய்யப்பட்ட 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கட்டை 1797-ல் பிரிட்டிஷ் ராணுவமே எடுத்துக்கொண்டது. இவை எல்லாம் நம்பியிருந்தது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கல் ஒன்றை.

பொறி எங்கிருந்து வருகிறது?

கல்லில் இருந்து என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, எஃகில் இருந்து. கல்லின் கூர்முனை 'ஃபிரிசன்' என்ற எஃகுத் தகட்டை உரசி, துகள்களைச் சீவி எடுக்கிறது. அந்தச் சூடான துகள்கள் காற்றில் எரிவதுதான் பொறி. அது கீழே உள்ள சின்னக் கிண்ணத்து மருந்தைப் பற்றவைக்க, தீ ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போகிறது. கிண்ணம் மட்டும் எரிந்து குண்டு கிளம்பாவிட்டால்? ஆங்கிலத்தில் சொல்வார்களே, 'ஃபிளாஷ் இன் த பேன்', அதுதான்.

எந்தக் கல் நல்லது?

இரண்டு ஊர்கள் பிரபலம். இங்கிலாந்தின் பிராண்டனில் கருமை நிறக் கல். பிரான்ஸின் மியூனில் தேன் நிறக் கல். நிறத்தைவிட முக்கியம் மூன்று விஷயங்கள்: விளிம்பு நேராகவும் கூராகவும் இருக்கணும், விரிசல் கூடாது, அகலம் ஃபிரிசனின் அகலத்தை ஒட்டி இருக்கணும். அகலம் கூடினால் கல் குழலில் இடிக்கும். இயந்திரத்தில் அறுத்த அகேட் கல்லும் கிடைக்கிறது. ஆனால் அது ஃபிரிசனைச் சீக்கிரம் தேய்த்துவிடும் என்ற புகார் உண்டு.

பொருத்துவது எப்படி?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1974 முதல் ஃபிளின்ட்லாக்குக்கு மட்டுமே தனி மான் வேட்டைப் பருவம் உண்டு. அங்கே இது இன்றும் நடைமுறை அறிவு:

- கல்லைத் தோலில் சுற்றி, தாடைகளுக்கு நடுவே வைத்து திருகை இறுக்குங்கள்.
- பாதி இழுத்த நிலையில் கல் ஃபிரிசனைத் தொடக் கூடாது. கொஞ்சம் இடைவெளி வேண்டும்.
- சரிவான பக்கம் மேலேயா கீழேயா? இரண்டையும் வைத்துப் பார்த்து, பொறி அதிகம் விழுவதை வைத்துக்கொள்ளுங்கள்.
- ஃபிரிசனில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பொறி வராது. துடையுங்கள்.

முனை மழுங்கினால் சின்னப் பித்தளைச் சுத்தியால் லேசாகத் தட்டிக் கூராக்கலாம். ஆனால் அதற்கு முன் குழலும் கிண்ணமும் காலியாக இருக்கணும். கண்ணாடி அணிவது கட்டாயம். சுட்டும் வெடிக்கவில்லையா? அவசரப்படாதீர்கள். குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்கணும். மருந்து தாமதமாகவும் பற்றலாம்.

கல்லுக்குப் பின்னால் யார்?

பிராண்டனில் இந்தக் கற்களைக் கையால் உடைத்தவர்கள் மூடிய அறைகளில் வேலை செய்தார்கள். சிலிக்கா தூசி நுரையீரலை அரித்து, பலர் இளம் வயதிலேயே இறந்தார்கள். அந்த நோயின் பெயர் சிலிகோசிஸ். ஃபிளின்ட்லாக் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. சிலிகோசிஸ் போகவில்லை. இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், 1948-ன் தொழில்சார் நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றிருந்தது. கல் உடைப்பவர்களின் நுரையீரலில் இன்றும் இருக்கிறது.