நான்காவது புகைபோக்கி

டைட்டானிக் கப்பல் முழுகிய கதையைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் அநேகமாக யாரும் இல்லை. அந்தப் பெயரைக் கேட்டவுடனே மனத்தில் ஒரு காட்சியும் எழும். இருண்ட கடல், முகப்பு நீருக்குள் போய், பின்புறம் ஆகாயத்தை நோக்கி எழும்பி நிற்கும் மாபெரும் கப்பல், எதிரே படகுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துடுப்புப் போடும் மனிதர்கள்.

இந்தக் காட்சியை நமக்குக் கொடுத்தவர் யார்? சினிமாக்காரர்கள் என்று சட்டென்று பதில் வரும். அவர்களுக்கெல்லாம் முன்னால் இதைக் கொடுத்தவர்களில் ஒருவர் வில்லி ஸ்டோவர் என்ற ஜெர்மானியச் சித்திரக்காரர். கப்பல்களையும் கடலையும் வரைவதில் பேர்போனவர். ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்ஸர் வில்ஹெல்முக்கே அவருடைய படங்கள்மீது மோகம் உண்டு. 1912-ஆம் வருஷம் 'கார்ட்டன்லௌபெ' என்ற ஜெர்மன் பத்திரிகைக்காக அவர் வரைந்த டைட்டானிக் படம் உலகமெங்கும் பரவி, இன்றுவரை புத்தகங்களில் அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

அருமையான படந்தான். ஆனால் அதில் ஒரு தப்பு இருக்கிறது. கப்பலின் நான்காவது புகைபோக்கியிலிருந்து கரும்புகை கிளம்புகிறது. உண்மையில் அந்தப் புகைபோக்கிக்கும் கப்பலின் கொதிகலன்களுக்கும் சம்பந்தமே இல்லை. முதல் மூன்றுதான் கொதிகலன்களுக்கு உரியவை. நான்காவது, பெரும்பாலும் காற்றோட்டத்துக்கும், கப்பலின் தோற்றத்துக்குக் கம்பீரம் சேர்ப்பதற்கும் வைத்தது.

இதைச் சொல்லி ஒரு நல்ல கலைஞரைக் கேலி செய்வதாக எண்ணிவிடக் கூடாது. கேலி செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன். அதற்கு முன், அந்தக் காலத்துப் படப் பத்திரிகைகள் எப்படி நடந்தன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

செய்தியைப் படமாகக் காட்டவே ஒரு வாரப் பத்திரிகை என்ற யோசனையை முதலில் வெற்றிகரமாக நடத்திக் காட்டியவர் ஹெர்பர்ட் இங்கிராம் என்ற ஆங்கிலேயர். 1842-ஆம் வருஷம் மே மாதம் 14-ஆம் தேதி 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' முதல் இதழ் வெளிவந்தது. பதினாறு பக்கம், முப்பத்திரண்டு படங்கள், விலை ஆறு பென்ஸ். அடுத்த வருஷமே பாரிஸில் 'இலுஸ்த்ராசியோன்' பிறந்தது. 1869-இல் லண்டனில் 'கிராஃபிக்' போட்டிக்கு வந்தது.

அன்றைக்குப் படங்களை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சடிக்க வேண்டும். அதற்கு ஏற்ற கெட்டி மரம் பெரிய பலகையாகக் கிடைக்காது. ஆகவே பல சிறு துண்டுகளைப் பின்னால் திருகாணி போட்டு இணைத்து ஒரே பலகையாக்கி, அதன்மேல் படம் எழுதுவார்கள். பிறகு திருகாணியைக் கழற்றித் துண்டுக்கு ஓர் ஆளாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் வானத்தைச் செதுக்குவார். இன்னொருவர் குதிரையின் முன்னங்காலை மட்டும் செதுக்குவார். இரவு முழுவதும் வேலை நடந்து, விடிவதற்குள் துண்டுகள் மறுபடி ஒன்றுசேரும். இணைப்புத் தெரியாமல் கோடுகளைச் சரிப்படுத்தத் தேர்ந்த கை ஒன்று தனியாக இருக்கும்.

சண்டைக்களத்துக்கு அனுப்பப்பட்ட நிருபர்-சித்திரக்காரர்கள் அவசரமாகக் கிறுக்கி, 'இங்கே புகை, அங்கே சிப்பாய்கள்' என்று ஓரத்தில் குறிப்பும் எழுதித் தபாலில் சேர்ப்பார்கள். லண்டனில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கிறுக்கலை அழகிய படமாக மாற்றுவார். இப்படிக் கண்ணால் கண்டவர் ஒருவர், கையால் வரைந்தவர் இன்னொருவர், செதுக்கியவர்கள் பலர் என்று ஒரு கூட்டுக் குடும்பமாகவே அந்தப் படங்கள் உருவாயின. கூட்டுக் குடும்பத்தில் நடக்கிற தவறுக்கு யார் பொறுப்பு என்று கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது நிலைமை மாறியது. புகைப்படத்தைப் பொடிப் பொடிப் புள்ளிகளாகப் பிரித்து, எழுத்துக்களோடு சேர்த்தே அச்சடிக்கும் முறை வழக்கத்துக்கு வந்துவிட்டது. இனிச் சித்திரக்காரர்களுக்குப் பிழைப்புப் போயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அப்படி ஆகவில்லை. 1900-ஆம் வருஷம் ஜனவரியில், போயர் யுத்தத்தின் நடுவே, 'ஸ்பியர்' என்ற புதுப் பத்திரிகையே தொடங்கியது. நேப்பிள்ஸில் பிறந்த ஃபோர்ட்டுனினோ மட்டானியா பிற்பாடு அதில் சேர்ந்து, ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றார்.

காரணம் என்னவென்றால், அந்நாளையக் காமிராவுக்கு இருட்டில் கண் தெரியாது. வேகமாக ஓடுவதைப் பிடிப்பதும் அதற்குச் சிரமம். எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பவம் நடக்கும் இடத்தில் அது முன்கூட்டியே இருக்க வேண்டும். விபத்துக்கள் காமிராக்காரருக்குக் கடிதம் எழுதிவிட்டு வருவதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. சித்திரக்காரர்கள் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகத் தீட்டிய படங்களையும் அதே புள்ளி முறையில்தான் அச்சடித்தார்கள். ஒரு பக்கத்தில் புகைப்படம், எதிர்ப்பக்கத்தில் சித்திரம். இரண்டுக்கும் ஒரே புள்ளிகள், ஒரே மை. வாசகரின் கண் இரண்டையும் ஒரே விதமாக நம்பப் பழகியது. அந்த நம்பிக்கைக்குப் பெரிய சோதனையாக வந்தது டைட்டானிக்.

1912 ஏப்ரல் 14-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது கப்பல் பனிப்பாறையில் மோதிற்று. இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முழுகிவிட்டது. சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர் இறந்தார்கள். எழுநூறு பேருக்குச் சற்று அதிகமானவர்களே பிழைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றி ஏற்றிக்கொண்ட 'கார்ப்பேதியா' கப்பலில் பெர்னிஸ் பாமர் என்ற பதினேழு வயதுப் பெண் பிரயாணம் செய்துகொண்டிருந்தாள். அவளிடம் ஒரு கோடக் பெட்டிக் காமிரா இருந்தது. பிழைத்து வந்தவர்களையும் ஒரு பனிப்பாறையையும் அவள் படம் எடுத்தாள். நியூயார்க்கில் ஒரு படக் கம்பெனி அவற்றைப் பத்து டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஆனால் கப்பல் முழுகும் காட்சி எந்தக் காமிராவிலும் இல்லை. அது பிழைத்தவர்களின் கண்களில் மட்டுமே இருந்தது.

உலகமோ அந்தக் காட்சியைத்தான் கேட்டது. படப் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? லண்டனிலும் பாரிஸிலும் பெர்லினிலும் தூரிகைகள் வேகமாக ஓடின. ஸ்டோவரின் படமும் அப்படிப் பிறந்ததுதான். முழுக் கப்பலாக, ஒரே உருவாக, ராஜா சிம்மாசனத்தோடு பாதாளத்தில் இறங்குவதுபோல் டைட்டானிக் இறங்குவதை ஜனங்கள் பார்த்தார்கள், நம்பினார்கள்.

அதே கார்ப்பேதியாவில் இன்னொரு படமும் பிறந்தது. அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஜாக் தேயர் என்ற பதினேழு வயது அமெரிக்கப் பையன் கப்பலிலிருந்து கடலில் குதித்து, கவிழ்ந்து கிடந்த ஒரு படகின்மேல் ஏறிப் பிழைத்தான். அவனுடைய தகப்பனார் பிழைக்கவில்லை. கார்ப்பேதியாவில் பிரயாணம் செய்த ஸ்கிட்மோர் என்ற சித்திர ஆசிரியரிடம், தான் கண்டதைப் பையன் விவரித்தான். அவர் அதைக் கேட்டுக் கட்டம் கட்டமாக, பக்கத்தில் மணியும் குறித்து, கோட்டுப் படங்களாக வரைந்தார். அவற்றில் அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடக் கரும்பலகைப் படம் போலத்தான் இருக்கும். ஆனால் அவற்றில் கப்பல் நடுவில் முறிந்து இரண்டாகிறது.

அந்தப் படங்கள் செய்தித்தாள்களில் வெளிவரத்தான் வெளிவந்தன. பலன் இல்லை. பிழைத்தவர்களில் வேறு சிலரும், கப்பல் உடைந்தது என்று விசாரணையில் சாட்சி சொன்னார்கள். ஆனால் பிழைத்த அதிகாரிகளில் மூத்தவரான லைட்டாலர், கப்பல் உடையவில்லை என்று சாதித்தார். பிரிட்டிஷ் விசாரணையின் முடிவும் அதுவே: கப்பல் இரண்டாக உடையவில்லை. பயத்திலும் குளிரிலும் விறைத்துப்போன ஒரு பையனுடைய கண்ணைவிட அதிகாரியின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். அது எல்லா ஊரிலும் உள்ள வழக்கந்தானே?

எழுபத்து மூன்று வருஷங்கள் சென்றன. 1985 செப்டம்பர் முதல் தேதி, அமெரிக்க, பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். முன்பாகம் ஓரிடத்தில் கிடந்தது. பின்பாகம் சுமார் 600 மீட்டர் தள்ளிக் கிடந்தது. கப்பல் இரண்டாகத்தான் உடைந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள ஜாக் தேயர் உயிரோடு இல்லை. 1945-லேயே காலமாகிவிட்டார்.

ஸ்கிட்மோர் படத்திலும் தவறுகள் இல்லாமல் இல்லை. உடைந்த முன்பாகம் மறுபடி மேலே மிதந்து வருவதாக அதில் இருக்கிறது. அப்படி நடந்திருக்க முடியாது. ஆனாலும் முக்கியமான விஷயத்தில், அழகான படங்களெல்லாம் கோட்டைவிட்ட இடத்தில், அந்த அவலட்சணமான படம் உண்மையைச் சொல்லிற்று.

அப்படியானால் சித்திரம் பொய், புகைப்படம் மெய் என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் முடியாது. 1914 ஜூன் 28-ஆம் தேதி ஸரயேவோ நகரத்தில் ஆஸ்திரிய இளவரசரும் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இத்தாலியின் 'தொமெனிகா தெல் கொரியேரே' பத்திரிகைக்கு அகில்லே பெல்ட்ராமே என்பவர், துப்பாக்கியை நீட்டிய கொலையாளியை அட்டைப்படமாக வரைந்தார். அவர் ஸரயேவோவில் இல்லை; மிலானில் இருந்தார். அதே சம்பவத்துக்கு ஒரு புகைப்படமும் உண்டு. கொலையாளி பிரின்ஸிப்பைப் போலீஸார் இழுத்துப் போகும் படம் என்று எத்தனையோ சரித்திரப் புத்தகங்களில் அது அச்சாகியிருக்கிறது. அதில் இருப்பவர் பிரின்ஸிப் அல்ல, அங்கே பிடிபட்ட பேர் என்ற வேறொருவர் என்பதே பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்களின் முடிவு. காமிரா பொய் சொல்லவில்லை. அதன் கீழே எழுதியவர் தவறு செய்தார். எழுதுகிற ஜாதியைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது.

கேலி செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை என்று சொன்னேன் அல்லவா? என் நாவல் ஒன்றில் ஆற்று வெள்ளம் வருகிறது. நான் வெள்ளத்தைப் பார்த்தவன் அல்ல. ஆனாலும் 'ஹோ' என்ற இரைச்சலோடு அது ஊருக்குள் புகுவதை நான்கு பக்கம் வர்ணித்திருந்தேன். படித்தவர்கள் வெகுவாகப் பாராட்டினார்கள். ஒரு கூட்டத்தின் முடிவில் வயதானவர் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளத்தில் வீட்டையும் மாட்டையும் இழந்தவராம்.

"நன்னா எழுதியிருக்கேள். ஆனா, ஸார், அது சத்தம் போட்டுண்டு வரல்லே. நடுராத்திரியிலே சத்தமே இல்லாமெ வந்துது. கட்டிலுக்குக் கீழே கையைத் தொங்கவிட்டப்போதான் தண்ணின்னு தெரிஞ்சுது" என்றார்.

நான் வாயடைத்து நின்றேன். என் நாவலில் இரைந்துகொண்டிருந்தது ஆறல்ல, நான்காவது புகைபோக்கி என்று இப்போது தெரிகிறது. பெரிய ஆபத்து என்றால் பெரிய இரைச்சல் இருக்க வேண்டும் என்று நானாக வைத்த புகை அது. ஸ்டோவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்: இவ்வளவு பெரிய கப்பலில் ஒரு புகைபோக்கி மட்டும் சும்மா இருக்குமா?

பார்க்காததை எழுதக் கூடாது என்று சட்டம் போட்டால் நாவலாசிரியர்கள் எல்லோரும் கடையைக் கட்ட வேண்டியதுதான். படப் பத்திரிகைகளும் இருந்திருக்காது. முழுகிய கப்பலுக்காக முன்பின் தெரியாத ஜனங்கள் கண்ணீர் விட்டிருக்கவும் மாட்டார்கள். ஸ்டோவரின் படம் அந்தக் காரியத்தைச் செய்தது. அது சின்னக் காரியம் அல்ல. ஆனால் வரைவதற்கு முன், நனைந்து வந்த பையன் ஒருவனைத் தேடிப் பிடித்து, 'நீ என்ன பார்த்தாய், சொல்லு' என்று கேட்டு, அவன் சொல்லுவது நம் படத்தின் அழகைக் கெடுத்தாலும் அப்படியே கோடு போடுகிற பொறுமை வேண்டும். ஸ்கிட்மோருக்கு அது இருந்தது.

'ஸ்பியர்' 1964-இல் நின்றுவிட்டது. 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' 1971-க்குப் பிறகு வாரப் பத்திரிகையாக வரவில்லை. பழைய தொகுப்புக்கள் எங்காவது கிடைத்தால் இப்போதும் ஆசையோடு புரட்டுகிறேன். முன்பெல்லாம் படத்தின் அழகைப் பார்ப்பேன். இப்போது, இதை யார் பார்த்தார், பார்த்தவர் சொல்லி யார் கேட்டார் என்றுதான் முதலில் தேடத் தோன்றுகிறது.

அந்த நாவல் மறுபதிப்புக்கு வந்தபோது வெள்ளத்தைத் திருத்தினேன். நான்கு பக்கம் ஒரு பக்கமாயிற்று. அதில் இரைச்சல் இல்லை. கட்டிலிலிருந்து தொங்கிய ஒரு கை மட்டும் இருக்கிறது.