கோடை இரவுகளின் பாரதம்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டு செல்லும் மின்தொடர் வண்டியில், கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்கொளத்தூருக்கும் இடையே வரும் நிலையம் பொத்தேரி. 1985-ஆம் ஆண்டு இவ்வட்டாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. 2002-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இன்று எஸ்.ஆர்.எம். என்ற மூன்றெழுத்தைச் சொன்னால்தான் பலருக்குப் பொத்தேரி எங்கிருக்கிறது என்பதே விளங்கும். ஆடலும் பாடலும் ஒளிவிளக்குகளுமாக நடக்கும் கலைவிழாக்கள், உணவகங்கள், விடுதிகள் என்று இந்த ஊரின் கொண்டாட்டங்கள் எல்லாம் பருவத்தேர்வுகளின் நாட்காட்டியை ஒட்டியே அமைந்துவிட்டன. தேர்வுகள் முடிந்ததும் மாணவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கல்லூரி நகரம் கோடையில் உறங்கப் போய்விடுகிறது.

ஆனால் இதே தொண்டை நாட்டுச் சிற்றூர்களின் நாட்காட்டியோ இதற்கு நேர்மாறானது. அங்கே ஊர் விழித்திருப்பது கோடையில்தான். பங்குனி தொடங்கி ஆனி வரையிலான மாதங்களில், திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பகலில் பாரதம் படிக்கப்படும். இரவில் பாரதம் ஆடப்படும். இந்தக் கோடைக் கொண்டாட்டத்தின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதையும், அது இன்று எந்த நிலையில் நிற்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் ஒரு கேள்வி. ஏன் கோடை? அக்கினி நட்சத்திரம் கொளுத்தும் நாட்களில் ஊர்கூடி விழா எடுப்பானேன்? விடை வயலில் இருக்கிறது. செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும்; அந்நீரைக்கொண்டு சம்பா விளையும்; தை, மாசியில் அறுவடை முடியும். அதன்பின் ஏரி வற்றத் தொடங்க, உழவனுக்கும் மாட்டுக்கும் ஓய்வு. கையில் கொஞ்சம் நெல் இருக்கும். வெறுங்கழனி பரந்து கிடக்கும். இரவில் மழை வந்து ஆட்டத்தைக் கெடுக்கும் என்ற அச்சமும் இல்லை. பொருளும் இடமும் நேரமும் ஒருசேர வாய்ப்பது இந்த மூன்று நான்கு மாதங்களில்தான். கூடவே, அடுத்த மழை தவறாமல் வரவேண்டுமே என்ற கவலையும் உண்டு. அம்மனுக்கு எடுக்கும் விழா அந்தக் கவலைக்கான மருந்துமாகும்.

இனி, வரலாற்றின் பக்கம் திரும்புவோம். காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம் என்ற சிற்றூரில் கிடைத்த செப்பேடுகள், ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தவை. கூரத்தில் எடுப்பிக்கப்பட்ட சிவன் கோயிலுக்கும் அதன் மண்டபத்துக்கும் பரமேசுவரமங்கலம் என்ற ஊர் கொடையாக அளிக்கப்பட்டதை அவை கூறுகின்றன. அவ்வூர் 25 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒரு பங்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு! இன்னொரு பங்கு, மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வழங்குவதற்கு. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்னரே, ஊரார் கூடிக் கதை கேட்கவும், கேட்பவர்களின் தாகம் தணியவும் நிலவருவாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். போரும் வெற்றியும் பேசும் செப்பேட்டில் நம் மனத்தைத் தொடுவது இந்தத் தண்ணீர்ப் பங்குதான்.

கூரத்தில் வாசிக்கப்பட்ட பாரதம் எந்த மொழியில் இருந்தது என்று செப்பேடு சொல்லவில்லை. ஆனால் அடுத்த இரு நூற்றாண்டுகளுக்குள், மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், பெருந்தேவனார் பாரத வெண்பாவைப் பாடிவிட்டார். பின்னர் வில்லிபுத்தூராரின் பாரதம் தோன்றியபோது தமிழ்நாட்டுப் பாரதத்துக்கு நிலையான ஒரு வடிவம் கிடைத்தது. வில்லியின் நூல் பதினெட்டாம் நாள் போரோடு முடிகிறது. நம் ஊர்ப் பாரத விழாவும் ஏறத்தாழ அங்கேதான் முடிகிறது. பிற்பகலில் மேடையேறும் பாரதப் பிரசங்கியார் கையில் வைத்திருப்பதும் வில்லி பாரதமே. பாடலைப் பாடிப் பொருள் சொல்லி, இடையிடையே ஊர் நடப்பையும் உலக நடப்பையும் தொட்டுச் செல்வது அவரது முறை. எழுத்தறியாத தலைமுறைகளுக்கு வில்லியின் சந்தங்கள் செவிவழியே சென்று சேர்ந்தது இவ்வாறுதான்.

பிரசங்கம் முடிந்து பொழுது சாய்ந்தால் கூத்து. கொடியேற்றிக் காப்புக் கட்டிய நாளிலிருந்து நாட்கள் நகர நகரக் கதையும் நகரும். வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று வரிசையாக இரவுதோறும் விடியும்வரை ஆட்டம் நடைபெறும். எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிந்து, இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேடக்காரர் குரல் கொடுக்கும்போது, அரைத்தூக்கத்தில் இருந்த குழந்தைகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடும். மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் இவையே இசைக்கருவிகள். அரசனையும் ஆண்டவனையும் கேலிசெய்ய உரிமை பெற்ற கட்டியங்காரன் ஒருவன் எப்போதும் உடனிருப்பான்.

பதினெட்டாம் போர் ஆடி முடிந்த விடியலில் ஊரே படுகளத்துக்குச் செல்லும். துரியோதனனின் பேருருவம் மண்ணால் தரையில் சமைக்கப்பட்டு மல்லாந்து கிடக்கும். வீமன் வேடமிட்டவர் அதன் தொடையைப் பிளப்பார். பகடைத் துகில் இரவில் விரித்த கூந்தலைத் திரௌபதி அப்போதுதான் முடிவாள். அன்று மாலை தீமிதி. அதன்பின் தருமர் பட்டாபிஷேகம். கூத்து எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கவே முடியாது. இந்தப் பாரத விழாவைக் கூர்ந்து ஆய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர், திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-லும் 1991-லும் இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டார் என்றால் இதன் பரப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

இவற்றுள் அர்ச்சுனன் தபசு நம் வட்டாரத்தோடு தனி உறவு கொண்டது. பாசுபதம் பெறுவதற்காகக் கயிலை சென்ற அர்ச்சுனனாக நடிப்பவர், ஓங்கி உயர்ந்த தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியை அடைந்து எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறும் கீழே வீசுவார். மகப்பேறு வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தடியில் வீழ்ந்து வணங்கி, அவற்றை மடியில் ஏந்திக்கொள்வர். மரத்தின்மேல் இருப்பவர் பக்கத்து ஊர்க்காரர். நேற்றிரவு தேநீர்க் கடையில் பார்த்தவர். ஆயினும் அந்த நேரத்தில் அவர் அர்ச்சுனன்தான்.

பொத்தேரியிலிருந்து தென்கிழக்கே கடற்கரைக்குச் சென்றால் மாமல்லபுரத்தில் இதே தவத்தைக் கல்லில் காணலாம். ஏறத்தாழ 29 மீட்டர் அகலமும் 13 மீட்டர் உயரமும் கொண்ட அந்தப் பாறைச் சிற்பத்தில், ஒற்றைக் காலில் நிற்கும் தவசி அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நாம் அந்த வாதத்துக்குள் நுழையப் போவதில்லை. தவசிக்குப் போட்டியாகத் தானும் கைகளை உயர்த்தித் தவம் செய்யும் ஒரு பூனையையும், அதை நம்பி அருகில் நிற்கும் எலிகளையும் பல்லவச் சிற்பி செதுக்கியிருப்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். புனிதமான காட்சிக்கு நடுவே இப்படி ஒரு குறும்பு! கூத்துக் களத்தின் கட்டியங்காரனுக்கு இந்தப் பூனை தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றுகிறது.

அதே ஊரில் உள்ள ஒற்றைக்கல் கோயில்கள் பஞ்ச பாண்டவர் இரதங்கள் எனப்படுகின்றன. அவற்றைக் குடைந்த பல்லவர்கள் இட்ட பெயர்கள் அல்ல இவை. அவை இரதங்களும் அல்ல, பாண்டவர்க்கு உரியவையும் அல்ல. திரௌபதி இரதம் என்று நாம் அழைப்பது உண்மையில் கொற்றவையின் கோயில். எனினும் பிற்கால மக்கள், பெயர் மறந்துபோன கோயில்களுக்குப் பெயர்சூட்ட வேண்டி வந்தபோது தருமனையும் வீமனையும் திரௌபதியையுமே நாடினர். பாரதம் மக்களின் நாவில் எந்த அளவுக்குக் குடியேறியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே இன்னொன்றையும் கவனிக்கலாம். 1990-களிலிருந்து மாமல்லபுரத்தில் அரசு நடத்திவரும் நாட்டிய விழா நடைபெறுவது டிசம்பர், சனவரி மாதங்களில். அது சுற்றுலாப் பயணிகளின் பருவம். ஊர்மக்கள் தமக்காக எடுக்கும் விழாவோ வெயிற்காலத்தில். யாருக்காக விழா என்பதை மாதமே சொல்லிவிடுகிறது!

கூத்தை இழிந்த ஆட்டம் என்று நகரத்தவர் ஒதுக்கிவைத்த காலமும் உண்டு. புரிசை கண்ணப்ப தம்பிரானின் கூத்தைக் கண்டு வியந்த ந. முத்துசாமி போன்றோரால்தான் அந்தப் பார்வை மாறத் தொடங்கியது. 1977-இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறையின் ஊற்றுக்கண்களுள் ஒன்று அந்தப் புரிசைக் கூத்து. 1990-இல் பெருங்கட்டூர் பி. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சியில் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தனர். 2002-இல் தொடங்கிய அவர்களது குருகுலம், ஆண்களே பெண்வேடமும் கட்டிய இக்கலையில் சிறுமியருக்கும் பயிற்சி தந்தது. அக்குருகுலம் 2020-இல் மூடப்பட்டது.

2020, 2021 ஆகிய இரு கோடைகளும் கொள்ளைநோயில் போயின. கூத்தருக்குக் கோடை என்பது வெறும் பருவமன்று, ஆண்டுக்கான வாழ்வு. பங்குனி முதல் ஆனி வரை ஆடிச் சேர்ப்பதை வைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும். ஆட்டத்துக்கு முன்பணம் வாங்கிய சீசன் அப்படியே நின்றுபோனால் அடுத்த சீசன்வரை கடன்தான்.

நோய் வந்தது, போனது. ஆனால் போகாத நெருக்கடிகள் வேறு இருக்கின்றன. முதலாவது நேரம். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விலக்களித்தாலும் நள்ளிரவு 12 வரைதான். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல். விதியின் நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. நோயாளிக்கும் மாணவனுக்கும் உறக்கம் வேண்டும். ஆனால் இரவு பத்துக்குத் தொடங்கி விடியலில் முடியும் ஒரு கலைக்கு அவ்விதி எதை விட்டுவைக்கிறது? ஒலிபெருக்கி இல்லாமல் ஆடிய முன்னோரின் குரல்வளத்தை மீட்பது ஒரு வழி. சுருக்கி ஆடுவது இன்னொரு வழி. சுருக்கிய கர்ண மோட்சத்தில் கர்ணன் இறப்பான். பொன்னுருவியோடு அவன் விடைபெறும் நேரம் இராது.

இரண்டாவது இடம். படுகளத்துக்கு வெட்டவெளி வேண்டும். பெருந்தெற்குச் சாலையின் இருமருங்கிலும் கழனிகள் மனைகளாகி, மனைகள் மாடிகளாகிவிட்ட நிலையில், துரியோதனன் கால்நீட்டிப் படுக்க நிலம் எங்கே?

மூன்றாவது, நாம் பேசத் தயங்குவது. ஊர்கூடி என்கிறோமே, அந்த ஊர் யார்? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலில், பட்டியல் சாதியினர் நுழைவதை எதிர்த்து எழுந்த பூசலால் 2023 சூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தனர். 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற ஆணைப்படி பூசைக்காக மட்டும் அது திறக்கப்பட்டது. சபையில் நின்று நீதி கேட்டவளின் கோயிலில் அன்று இந்த நிலை இருந்தது! பாரத விழாவைப் போற்றி எழுதும் எவரும் இதை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது. கூரத்துச் செப்பேடும் எவர் எவர் மண்டபத்தில் அமர்ந்து கேட்டனர் என்று சொல்லவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பழமை என்பதற்காக மட்டும் ஒன்று வாழ்ந்துவிடுவதில்லை. படித்தும் ஆடியும் பார்த்தும் வந்ததால்தான் பாரதம் செப்பேட்டிலிருந்து படுகளம்வரை வந்து சேர்ந்திருக்கிறது. பொத்தேரியில் பயிலும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிந்ததும் அன்றே வண்டியேறாமல், ஓரிரவு தங்குங்கள். காஞ்சி, உத்திரமேரூர், செய்யாறு செல்லும் சாலைகளில் பாரத விழாச் சுவரொட்டிகள் கண்ணில் படும். அர்ச்சுனன் தபசு என்றைக்கு என்று விசாரித்துக்கொண்டு போய், தரையில் துண்டை விரித்து உட்காருங்கள். தூக்கம் வந்தால் அங்கேயே தூங்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஒரு குடம் தண்ணீர் மட்டும் எடுத்துச் சென்று பக்கத்தில் இருப்பவர்க்கும் கொடுங்கள். பரமேசுவரவர்மன் அதற்காக நிலம் ஒதுக்கியிருந்தான்; நமக்கு அந்தச் செலவுகூட இல்லை.