கானா பாடும் நகரில் யாருடைய மேடை?

வடசென்னையில் மரண வீட்டின் முன் இரவெல்லாம் பாடப்படும் கானாவை, அந்த வீட்டாரோடு தெருவே அமர்ந்து கேட்கிறது. இறந்தவரின் பெயர், அவர் பார்த்த வேலை, விட்டுச்சென்ற உறவுகள் எல்லாம் பாட்டில் ஏறுகின்றன. டோலக் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சட்டியும் தீப்பெட்டியும் போதும். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்களின், அவர்களில் பெரும்பான்மையினரான தலித் மக்களின் கலை இது. நகரம் இதை நெடுங்காலம் ரவுடிகளின் பாட்டு என்றே ஒதுக்கியது.

கலை மக்களை இணைக்கும் என்ற தொடர் இன்று அரசுத் திட்டங்களிலும் தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. யாரை யாரோடு, எந்த நிலையில் வைத்து இணைப்பது என்ற கேள்வி அவற்றில் அரிதாகவே எழுகிறது. சென்னைக்கு இக்கேள்வி புதிதன்று. 1921இல் பக்கிங்காம் - கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் ஒற்றுமை சாதிக் கோட்டில் பிளந்து, புளியந்தோப்பு கலவர பூமியானது. ஒரே ஆலையில் வேலை பார்த்தோர் ஒரே தெருவில் வாழவில்லை. ஆறே ஆண்டுகளில், 1927இல், இதே நகரில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக, 1928இல் மியூசிக் அகாதெமி பிறந்தது. மார்கழி சபாக்களின் நகரமும் சேரிகளின் நகரமும் இவ்வாறு தனித்தனியே வளர்ந்தன.

இந்த இடைவெளியைக் கடக்க அண்மைக்காலத்தில் மூன்று வகை முயற்சிகள் நடந்துள்ளன. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், பூங்காக்களிலும் தெருக்களிலும் பறை, கரகம், ஒயிலாட்டம் ஆகியவற்றைக் கொண்டுவந்தது. 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் நின்றுபோய், 2023 பொங்கலில் மீண்டது. ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போகும் விழாவைக் கலைஞர் தம் வாழ்வாதாரமாகக் கொள்ள இயலாது. அது மட்டுமன்று, கிராமத்துக் கலையை விரும்பி அழைத்த நகரம், தன் சொந்தச் சேரியின் கானாவை அதே மதிப்போடு அழைக்கத் தயங்கியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2015இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா வேறு வகையானது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்டோர் மீனவ மக்களுடன் சேர்ந்து நடத்திய அவ்விழாவில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையைப் பகிர்ந்தன. கலையில் சமூக உள்ளடக்கத்தை வலியுறுத்தியமைக்காகக் கிருஷ்ணாவுக்கு 2016இல் மகசேசே விருது கிடைத்தது. முயற்சி நேர்மையானது. ஆயினும் குப்பத்துக்குச் சபா வருவது செய்தியாகிறது. சபாவின் நிரந்தர நிரலில் குப்பம் இடம்பெறுவது இன்றும் அரிது.

மூன்றாவது வகையில் அழைப்பவரும் பாடுபவரும் ஒருவரே. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்தே அப்பெயரின் மூலம். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த அந்த மேடையில் இடஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் ஆணவக்கொலையும் பாடுபொருளாயின. ஆண்களின் கலையாகவே கருதப்பட்ட கானாவை இசைவாணி அங்கு பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய மார்கழியில் மக்களிசை, சபாக்களின் மாதத்தையே தனதாக்கிக்கொண்டது. சாதியைப் பேசினால் ஒற்றுமை கெடும் என்போர், சாதியைப் பாடிய மேடைக்கு முன் பலதரப்பட்ட இளைஞர்களும் திரண்டதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பறையின் கதை இன்னும் சிக்கலானது. சாவுக்குப் பறையடிப்பதைச் சாதிக் கடமையாகத் திணித்ததை எதிர்த்து, அடிக்க மறுத்தவர்களின் போராட்டம் ஒருபுறம். அதே கருவியை விடுதலையின் இசையாக மீட்டெடுத்த கலைக்குழுக்கள் மறுபுறம். இரண்டும் சுயமரியாதைச் செயல்களே. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இன்று நகரத்துக் கல்லூரிகளில் எல்லாச் சாதி மாணவரும் பறை பயில்கின்றனர். விருப்பத்தால் பயில்வோர், கட்டாயத்தால் அடித்தோரின் வரலாற்றையும் சேர்த்துப் பயில்கிறார்களா என்பதைப் பயிற்சியளிப்போர் கவனிக்க வேண்டும்.

கண்ணகி நகரை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 2000 முதல், நகரின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த மக்கள், பெருமளவில் தலித்துகள், அங்கே 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டனர். வேலையும் பள்ளியும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்பது அங்குள்ள இளைஞரின் நெடுநாள் முறையீடு. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை மாநகராட்சியோடு சேர்ந்து அக்குடியிருப்புச் சுவர்களில் பேரோவியங்களைத் தீட்டியது. படமெடுக்கப் பலர் வந்தனர். பகுதியின் பெயர் குற்றச் செய்திகளுக்கு வெளியே அடிபட்டது சிறிய ஆதாயமன்று. எனினும், சுவரின் வண்ணம் வெளியேற்றத்தின் கேள்வியை மறைக்கவும் கூடும்.

ஆகவே ஒரு கலைத் திட்டம் வரும்போது கேட்க வேண்டியவை மிக எளியவை. நிரலை முடிவு செய்யும் குழுவில் குடியிருப்பாளர் எத்தனை பேர்? கானா பாடுபவருக்கும் கச்சேரி செய்பவருக்கும் ஊதியம் ஒன்றா? விழா முடிந்த மறுநாள் அப்பகுதிப் பிள்ளைகள் பயிற்சி செய்ய, பூட்டில்லாத ஓர் அறை இருக்கிறதா?